நாவலின் ஒரு பக்கம்

‘நாவல் படித்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்’ என்று பெரியவர்கள் கண்டித்த காலம் ஒன்று இருந்தது. பாடப் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்து வைத்துப் படித்தவர்கள் நம்மில் பலர். இன்றோ நாவலே பாடப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது! ஆனால், ஒளித்து வைத்துப் படித்தபோது இருந்த ருசி வகுப்பில் படிக்கும்போது இருக்கிறதா என்று கேட்டால், பல மாணாக்கர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

குற்றம் நாவலில் இல்லை. கற்பிக்கும் முறையில்தான் இருக்கிறது. ஆசிரியர் கதைச் சுருக்கத்தைச் சொல்கிறார். மாணவன் உரைநூலில் உள்ள விடையை மனப்பாடம் செய்கிறான். மார்க்கும் வந்துவிடுகிறது. நாவலாசிரியர் எழுதிய பக்கத்தை மட்டும் யாரும் படிப்பதில்லை!

கரிசல் காட்டுப் பகுதி

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 2019-ல் வெளிவந்த தமிழகப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த அவருக்கு, 1991-ல் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றுத் தந்த நாவல் அது.

சம்பவம் மிகச் சிறியது. பசியாலும் களைப்பாலும் தளர்ந்த வழிப்போக்கன் ஒருவனை அன்னமய்யா என்பவன் சந்திக்கிறான். அவனை அழைத்துப் போய்ப் பசியாற்றுகிறான். இதைச் சுருக்கிச் சொன்னால் இரண்டு வரிதான். அப்படியானால் மாணவன் படிக்க வேண்டியது என்ன?

முதலில், எதை எந்த வரிசையில் ஆசிரியர் காட்டுகிறார் என்று பார்க்கச் சொல்ல வேண்டும். தாடியும் அழுக்கு உடையும் தள்ளாட்டமுமாகத் தூரத்தில் முதியவனைப் போலத் தோன்றியவன், அருகில் போனதும் வாலிபன் என்று தெரிகிறது. ‘இளைஞன் ஒருவன் களைத்துப்போய் வந்தான்’ என்று ஆசிரியர் நேரடியாகவே எழுதியிருக்கலாமே, ஏன் எழுதவில்லை? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு ஆசிரியர் சற்று மௌனமாக இருக்கட்டும். ‘பசி ஒரு வாலிபனைக் கிழவனாக்கிவிட்டது’ என்று ஏதாவது ஒரு மூலையிலிருந்து பதில் வரும். அந்தப் பதில் எந்த உரைநூலிலிருந்தும் வந்ததல்ல, அந்தப் பிள்ளையினுடையது.

சொல்லை மாற்றிப் பாருங்கள்

அடுத்தது சொல். புதியவனைக் குறிக்கக் கரிசல் வழக்கில் ‘வரத்துக்காரன்’ என்ற சொல் வருகிறது. அதை எடுத்துவிட்டு ‘அந்நியன்’ என்று போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஆள் ஒருவன்தான். ஆனால், ‘வரத்துக்காரன்’ நம்மை நாடி வந்தவன். ‘அந்நியன்’ நம்மைச் சேராதவன். முதற்சொல் கதவைத் திறக்கிறது, இரண்டாவது சாத்திவிடுகிறது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலை உண்டா என்று பிள்ளைகள் வியப்பார்கள். அந்த வியப்புத்தான் இலக்கியக் கல்வியின் ஆரம்பம்.

மூன்றாவது பெயர். அன்னமிட்டவன் அன்னமய்யா! பெயருக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தம் என்ன என்று பரீட்சையில் கேட்கிறார்கள். ‘அன்னமய்யா நல்லவன், ஆகையால் உணவளித்தான்’ என்று எழுதினால் அது வெறும் அபிப்பிராயம். தன் கருத்து, அதற்குக் கதைப் பகுதியிலிருந்து ஒரு சான்று, அந்தச் சான்று கருத்தை எப்படி நிலைநாட்டுகிறது என்ற விளக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் விடை. அந்தப் பெயரைக் கேட்ட வாலிபனே அதன் பொருத்தத்தை மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறான். பசி தீர்ந்தவனே சொல்லும் சாட்சியைவிட வேறென்ன வேண்டும்?

கேம்பிரிட்ஜ் அனுபவம்

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர், எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, கருத்து எழுதச் சொன்னார். கெட்டிக்காரர்கள்கூடத் தடுமாறினார்கள். 1929-ல் அவர் வெளியிட்ட நூல் இதை விவரிக்கிறது. பிறர் சொன்ன கருத்தைத் திருப்பிச் சொல்வது வேறு, எதிரே இருக்கும் பக்கத்தைத் தானே படிப்பது வேறு என்பதை அந்தச் சோதனை உணர்த்தியது. கவிதைக்கு மட்டுமின்றி, நாவலுக்கும் இது பொருந்தும்.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பாடத்திட்டம் நீளம், வகுப்பில் கூட்டம். ஆகவே முழுப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டியதில்லை. ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, உரக்க இருமுறை வாசித்து, மூன்று கேள்விகள் கேட்டால் ஒரு பீரியடுக்குப் போதும். நாவலில் அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று கோடிகாட்டிவிட்டு, மிச்சத்தை நூல் நிலையத்தில் தேடிப் படிக்கச் சொல்லலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இதெல்லாம் மார்க்குக்காக மட்டும் அல்ல. நாளை இந்தப் பிள்ளைகள் தேர்தல் பிரசங்கத்தைக் கேட்பார்கள், விளம்பரத்தைப் படிப்பார்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அங்கெல்லாம் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் ஏன் வந்தது என்று கேட்கத் தெரிந்தவன் எளிதில் ஏமாற மாட்டான். தூரத்திலிருந்து பார்த்து முடிவு கட்டாமல், அன்னமய்யாவைப் போல் அருகில் போய்ப் பார்க்கப் பழக்குவோம்.