கழுத்தில் மிச்சம், தோப்பில் நஷ்டம்

ஆந்திரத்தின் சித்தூர் பக்கம், காணிப்பாக்கம் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வருகிற கூட்டம் முதலில் தேடுவது நிழல். அடுத்தது, ஜில்லென்று குடிக்க ஏதாவது. கடைகளின் ஃபிரிட்ஜில் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே அலுமினிய கேன்களும் நிற்கின்றன. ஒன்றை எடுத்து, விரலை அடியிலிருந்து மேலே ஓட்டிப் பாருங்கள். நேராக ஏறும் உடம்பு, தோளில் சரிந்து, கழுத்தில் ஒடுங்கி, மூடிக்குள் போய் முடிகிறது. அந்தக் கடைசி ஓரிரு சென்டிமீட்டருக்காக எத்தனையோ இன்ஜினீயர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டுச் சொம்புக்குக் கழுத்து வைத்தது கையில் பிடிக்க வாகாக. கேனுக்குக் கழுத்து வைத்தது காசை மிச்சம் பிடிக்க.

விஷயம் மூடியில் இருக்கிறது. உடம்பின் தகடு 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது. மூடியை அப்படி மெலிய வைக்க முடியாது. உள்ளே இருக்கும் வாயு தள்ளுவதை அது தாங்க வேண்டும், வளையத்தை இழுத்தால் சரியான இடத்தில் கிழியவும் வேண்டும். அதனால் மூடியின் தகடு சுமார் இரண்டு மடங்கு தடிமன். மக்னீசியம் கூடுதலாகக் கலந்த, விலை கூடிய அலுமினியம். ஆகவே மூடி எவ்வளவு சின்னதோ அவ்வளவு லாபம். 1960-களின் கேனுக்குக் கழுத்தே கிடையாது, மேலிருந்து கீழ் வரை ஒரே 66 மில்லிமீட்டர். பிறகு வாய் படிப்படியாகச் சுருங்கி 60 மில்லிமீட்டருக்கு வந்து, இன்று 54-ல் நிற்கிறது. 60-லிருந்து 54-க்கு இறங்கியதில் மட்டும் மூடியின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு கேனுக்கு அரை கிராம் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 2,000 கேன் ஓடும் ஆலையில் நிமிடத்துக்கு ஒரு கிலோ, நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் அலுமினியம் மிச்சம்.

இந்த வேலை நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. சத்தியவேடு பக்கம் ஸ்ரீ சிட்டியில், முன்பு சித்தூர் மாவட்டமாக இருந்து 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டமாக இருக்கிற மண்ணில், கேன் ஆலை ஓடுகிறது.

கழுத்தை எப்படி ஒடுக்குகிறார்கள்? முதலில் தகட்டிலிருந்து ஒரு கிண்ணம் வெட்டுகிறார்கள். அதை வளையங்களுக்குள் தள்ளித் தள்ளி நீட்டினால் உயரமான குழாய் கிடைக்கிறது. அதன் மேல் விளிம்பை மட்டும் கொஞ்சம் தடிமனாகவே விட்டுவைக்கிறார்கள். கழுத்துக்கான முன்னேற்பாடு அது. பிறகு கழுவி, வெளியே அச்சடித்து, உள்ளே பூச்சு அடித்துக் காயவைக்கிறார்கள். படம் அடித்து முடித்த பிறகுதான் கழுத்து! அதனால் மையும் பூச்சும் உலோகத்தோடு சேர்ந்து நசுங்கினாலும் வெடிக்கக் கூடாது.

அடுத்து, விளிம்பில் மெழுகு தடவிய கேன் சுழலும் இயந்திரத்தில் ஏறுகிறது. வெளியே ஓர் அச்சு வந்து வாயை அழுத்துகிறது. உள்ளே ஓர் உருளை தாங்கிக்கொள்கிறது. உடம்பு மடங்கிவிடாமல் இருக்க அந்த நொடிக்குள் அழுத்தக் காற்றையும் ஊதுகிறார்கள். ஒரே மூச்சில் 12 மில்லிமீட்டர் குறைத்தால் வாய் புடவைக் கொசுவம் மாதிரி சுருங்கிவிடும். அதனால் ஒவ்வொரு அச்சும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் குறைக்கிறது. இப்படிப் பத்துக்கு மேற்பட்ட கட்டங்கள். பழைய கேன்களின் கழுத்தில் படிக்கட்டு மாதிரி வரிகள் தெரியும். இப்போது ஒரு கட்டம் விட்ட இடத்தை அடுத்த கட்டம் வழித்துக்கொண்டு போவதால் வழவழவென்று இருக்கிறது. இன்னொரு முறையும் உண்டு. கேனைச் சுழலவிட்டு, உருளையை வெளியிலிருந்து அழுத்தி வழிப்பது. அச்சில் ஒடுக்கினால் உலோகம் தடிக்கும், உருளையில் வழித்தால் நீளும். கடைசியில் விளிம்பை வெளிப்பக்கம் மடித்து, வெளிச்சம் பாய்ச்சி, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறார்கள்.

இத்தனை நுணுக்கத்தையும் மெச்சலாம். எனக்கு உறுத்துவது வேறு.

காணிப்பாக்கம் இருக்கும் ஈராலா மண்டலத்தைச் சுற்றி எங்கே திரும்பினாலும் மாந்தோப்பு, பெரும்பாலும் தோத்தாபுரி. கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரா, கிளிமூக்கு என்பார்களே, அதேதான். இந்தப் பழம் கூழாகி 3.1 கிலோ டின்னிலும் பெரிய டிரம்களிலும் சவுதி வரை, ஐரோப்பா வரை போகிறது. அந்தக் கூழ் டின்னுக்குக் கழுத்து கிடையாது. உடம்பில் வரி வரியாக மேடுபள்ளம் இருக்கும். காரணம் எளிது. சூடான கூழ் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி டின்னை உள்நோக்கி இழுக்கிறது. வரிகள் இல்லாவிட்டால் டின் சப்பிப்போகும். சோடா கேனுக்கு இதற்கு நேர் எதிர்: உள்ளிருக்கும் வாயு தள்ளுவதால்தான் அந்த மெல்லிய தகடு விறைப்பாக நிற்கிறது.

அப்படியானால் வாயு இல்லாத மாம்பழச் சாறு அலுமினிய கேனில் நிற்குமா? நிற்கும். மூடுவதற்குச் சற்று முன் ஒரு சொட்டு திரவ நைட்ரஜன் விட்டால் போதும். அது ஆவியாகி உள்ளிருந்து முட்டுக் கொடுக்கும். வரியும் இப்போது சாதகம்: 2025 செப்டம்பர் 22 முதல் பழச்சாற்றுப் பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; சோடா வாயு ஏற்றிய பழ பானத்துக்கு 40.

ஆனால் கேனுக்குள் மாம்பழம் எவ்வளவு? சட்டம் கேட்பது குறைந்தது 10 சதவீதம். சில பானங்களில் கூடுதலாகவே போடுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சத்தையே கணக்கில் எடுப்போம். 250 மில்லி கேனுக்கு 25 மில்லி. தோத்தாபுரி எடையில் பாதி கூழாகும் என்று வைத்தால் 50 கிராம் பழம். 2025 ஜூனில் விலை விழுந்து விவசாயிகள் பழத்தைச் சாலையில் கொட்டியபோது, ஆலை 8 ரூபாய், ஆந்திர அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தார்கள். அந்த 12 ரூபாயிலேயே கணக்குப் போட்டாலும் கேனுக்குள் இருக்கும் பழத்தின் விலை 60 பைசா! கேன் என்ன எடை? சுமார் 10 கிராம். அலுமினியம் கிலோ 200 ரூபாய் என்றே வைத்தாலும் உலோகம் மட்டும் 2 ரூபாய். குடித்துவிட்டு நசுக்கி எறிகிற ஓடு, விலையில் உள்ளே இருக்கும் பழத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

அதே ஜூனில் கர்நாடகத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக் கூடாதென்று தடை வந்து, முதல்வர் மட்டத்தில் கடிதம் பறந்தது. கிருஷ்ணகிரியிலும் விலை கேட்டுப் போராட்டம் நடந்தது. கூழ் ஆலைகளைக் கேட்டால், முந்தைய வருடச் சரக்கே கிடங்கில் கிடக்கிறது என்பார்கள். இருக்கலாம். அரை கிராம் அலுமினியத்தை மிச்சம் பிடிக்கப் பத்து அச்சு செதுக்கத் தெரிந்த தொழில் இது. கிடங்கில் கிடக்கும் கூழைக் கேனுக்குள் கொண்டுபோக அதே மூளையில் கால்வாசி செலவழித்திருந்தால்கூடப் பழம் சாலைக்கு வந்திருக்காது என்பது என் கட்சி. காலி கேனைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் காசு வரும், உருக்கினால் மறுபடி கேனாகும் என்று பெருமை பேசுகிறோம். அழுகிய தோத்தாபுரிக்கு அந்த வழியும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. மாம்பழப் பானம் என்று பெயர் போட்டு விற்பதற்கான குறைந்தபட்சப் பழ அளவை 10-லிருந்து 20 சதவீதமாக உயர்த்தட்டும். குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்ளும் கேனுக்கு இரண்டு மடங்கு பழம் தேவைப்படும். பழத்துக்காக ஆகும் கூடுதல் செலவு, அந்த 12 ரூபாய் விலையிலும், கேனுக்கு 60 பைசா.