இலங்கையில் குடும்பத்துடன் கார் பயணம்: புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

மும்பை: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கும் வரையிலான இடைவெளியே, சயான், மாட்டுங்கா பகுதித் தமிழ்க் குடும்பங்கள் வளர்ந்த பிள்ளைகளுடன் நெடும்பயணம் செல்ல ஏற்ற காலம். வெளிநாட்டில் வாடகைக் காரைத் தாமே ஓட்டிச் செல்ல விரும்புவோருக்கு இலங்கை வசதியானது. அங்கும் இடப்பக்கப் போக்குவரத்துதான். வடக்கில் தமிழே பேச்சுமொழி.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ரூ.1,000 கட்டணத்தில் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்கு மேல் செல்லாது. இலங்கையில் அது மட்டும் போதாது. உள்ளூர் அனுமதியும் வேண்டும். அங்கு கார் ஓட்டுவதற்கான தற்காலிக உரிமம், 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வழங்கப்படுகிறது. 18 வயது நிறைந்த மகனோ மகளோ இடையிடையே ஓட்டலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பொய்த்துவிடும். வாடகை நிறுவனங்கள் பலவும் அதைவிடக் கூடுதல் வயதையே கேட்கின்றன. ஓட்டுபவர் ஒருவரே என்றால் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 சாலை ஏறத்தாழ 320 கி.மீ. மும்பை-புணே விரைவுச்சாலைப் பழக்கத்தில் இதை அரைநாள் தூரமாகக் கருதிவிடக் கூடாது. ஊருக்குள் மணிக்கு 50 கி.மீ., வெளியே 70 கி.மீ. என்பதே கார்களுக்கான வரம்பு. தம்புள்ளையில் ஓர் இரவு, வவுனியாவில் ஓர் இரவு தங்கி, மூன்றாம் நாள் ஆனையிறவைக் கடக்கலாம். தம்புள்ளைக்கு அருகிலுள்ள சிகிரியா குன்றில் வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிட வேண்டும். வழியில் வேறு எங்கு நிற்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். அவர்கள் தேர்ந்த இடமென்றால் முணுமுணுப்பு குறையும்.

ஏப்ரல் 13, 14 புத்தாண்டு நாட்களில் அங்கு கடைகள் பல மூடியிருக்கும். மே மாதத்தில் தென்மேற்கில் மழை வலுக்கத் தொடங்குவதால், கொழும்பு, காலியை முதலில் பார்த்துவிட்டு வடக்கே செல்வது நல்லது.