கல்லூரிக் கட்டணம் இல்லை, சரி, மற்றதெல்லாம்?

பிளஸ் டூ முடித்த பிள்ளையைச் சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் சேர்க்க நினைக்கிறீர்கள். "அங்கே எல்லாமே இலவசம்" என்று ஒருவர் சொல்லியிருப்பார். "பாடம் நடத்த ஆளே இல்லையாம்" என்று இன்னொருவர் பயமுறுத்தியிருப்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

எது அரசுக் கல்லூரி, எது இல்லை? மாநிலக் கல்லூரி, ராணி மேரி, பாரதி மகளிர், காயிதே மில்லத், நந்தனம் கலைக் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி எல்லாம் அரசே நடத்துபவை. பச்சையப்பன் கல்லூரி அப்படியல்ல; அது அரசு உதவிபெறும் கல்லூரி (நிர்வாகம் அறக்கட்டளையுடையது, ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும்). இந்த வித்தியாசம் முக்கியமா? மிகவும். உதவிபெறும் கல்லூரிகளில் மாலை வகுப்புகள் பெரும்பாலும் சுயநிதி (செலவு முழுவதையும் மாணவர் கட்டணத்தில் ஈடுகட்டுவது). அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஷிப்டும் அரசுடையதுதான். "மாலை வகுப்பா, அது காசு கட்டுகிற இடம்" என்று நினைத்து நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள்.

சேர எவ்வளவு ஆகும்? இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் 2007-08 முதல் கிடையாது. ஆனால் சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சில உண்டு. தனியார் கல்லூரிக் கணக்கில் பார்த்தால் சிறு தொகைதான். அதையும் திரும்பப் பெற வழி இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்பு மாணவர்களுக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 'இலவசக் கல்வித் திட்டம்' இருக்கிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவி) உண்டு; குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வேண்டாமா? அதில் கிடைக்கும் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. பி.ஏ., பி.எஸ்சி.க்கு அதற்காக அலைய வேண்டாம். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் மட்டும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் யாருக்கு? ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. தொடக்க விழாவே சென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான் நடந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைப் பெறலாம். தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது.

"விண்ணப்பித்தோம், பணம் வரவில்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் புலம்பல். பெரும்பாலும் சிக்கல் வங்கியில் இருக்கும். பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். நீங்கள் பழைய பாஸ்புக்கை வரிசையில் நின்று பதிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பணம் இன்னொரு கணக்கில் கிடக்கும். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று வங்கியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள எமிஸ் எண்ணையும் (பள்ளி மாணவருக்கு அரசு தரும் பதிவெண்) பத்திரமாக வையுங்கள். எந்தப் பள்ளியில் படித்தார் என்பதை அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

போக்குவரத்து, தங்குமிடம்? திருத்தணியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் மின்சார ரயிலில் தினமும் மாநிலக் கல்லூரிக்கு வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ரயிலுக்கு மாணவர் சீசன் டிக்கெட் உண்டு. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு மாநகரப் பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு. பெண்கள் 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணம் இல்லாமலே போகலாம். விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் விடுதி இடம் தானாக வந்துவிடாது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியில் சேர, வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது எட்டு கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்பது விதி. பெண்களுக்கு அந்தத் தூரக் கணக்கு பொருந்தாது.

சரி, "வாத்தியார் இல்லை" என்ற பேச்சு? இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். மாநிலம் முழுவதும் அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் (நிரந்தரப் பணி இல்லாமல் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துபவர்கள்) வேலை செய்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதத்துக்குத்தான். பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், நன்றாகவே பாடம் நடத்துகிறவர்கள். ஆனால் நல்ல வேலை கிடைத்தால் பாதியில் போய்விடுவார்கள். போகாதே என்று யார் சொல்ல முடியும்?

அரசு பணமே ஒதுக்கவில்லையா? ஒதுக்கியிருக்கிறது. 2022-23 நிதிநிலை அறிக்கையில், ஐந்தாண்டில் 1,000 கோடி என்று பெருந்தலைவர் காமராசர் கல்லூரி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வகுப்பறை, ஆய்வகம் போன்றவற்றுக்கான பணம் அது. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பும் வந்தது. கூட்டம் அதிகமாகும் ஆண்டுகளில் இருபது சதவீதம் வரை கூடுதல் இடமும் தருகிறார்கள். என்னைக் கேட்டால், ஆசிரியரைக் கூட்டாமல் பெஞ்சை மட்டும் கூட்டுவது பாதி வேலைதான். கட்டடத்துக்குப் பணம் எளிதில் கிடைத்துவிடும். அதைத் திறந்து வைக்க விழா நடத்தலாம். சம்பளம் அப்படியல்ல, ஆண்டுதோறும் தர வேண்டிய செலவு. ஆகவே அது எப்போதும் தள்ளிப்போகிறது.

இதில் நீங்கள் என்ன செய்ய முடியும்? பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் கல்லூரிக்கு நேரில் போய், அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். அலுவலகத்தைவிட அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். எழுத்தில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு. "இத்துறையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி" என்று கேட்டால் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். சேர்க்கைக்கு முன்பே பதில் கையில் இருக்க வேண்டுமென்றால் மார்ச் மாதமே அனுப்பிவிடுங்கள்.