மலைக்காரர் காட்டிய பச்சிலை

அல்லிநகரத்தில் வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அந்த மலைத்தொடரில் பளியர்கள் வாழ்கிறார்கள். தேன் எடுப்பதும் பச்சிலை அறிவதும் அவர்களுடைய பாட்டன் சொத்து. மலையிலிருந்து வரும் பெண் ஒருத்தி, "இருமலுக்கு இந்த இலை, அம்மா" என்று சொன்னால் நாம் கேட்டுக் கொள்கிறோம். அதே இலையை யாரோ புட்டியில் அடைத்து விற்றால், வருகிற பணத்தில் அவளுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

இது வீண் கேள்வியல்ல, சகோதரிகளே! இதே மலைத்தொடரின் தென்கோடியில், அகஸ்தியர் மலையில் நடந்த சங்கதியைக் கேளுங்கள்.

1987-ம் ஆண்டு டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் சில விஞ்ஞானிகள் அங்கே போனார்கள். வழிகாட்டியவர்கள் காணி இனத்தார். விஞ்ஞானிகளுக்கோ மூச்சு வாங்கியது. காணிகளோ ஏதோ ஒரு சிறு கனியை மென்றபடி களைப்பே இல்லாமல் நடந்தார்கள். "அது என்ன?" என்று கேட்டால் பதில் இல்லை. குல ரகசியமாயிற்றே! தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதன் பெயர் ஆரோக்கியப் பச்சை.

கேரளத்தில் பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தது. 1995-ல் கோயமுத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 7 ஆண்டு உரிமை கொடுத்தது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 ரூபாய் ராயல்டி. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று நிலையத்தார் சொன்னார்கள். அன்று எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நல்ல மனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் காணிகளுக்காக ஒரு டிரஸ்ட் பதிவானது 1997-ல். சுமார் 5 லட்சம் ரூபாய் அவர்கள் கைக்கு வந்தது 1999-ல். ரகசியம் சொல்லிப் பன்னிரண்டு வருஷம்! இதற்கிடையே, எங்கள் அறிவை விற்கலாகாது என்று காணி வைத்தியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். செடியைப் பயிரிட்டு இலை விற்றுப் பிழைக்கலாம் என்றால், வன இலாகாவின் கட்டுப்பாடு குறுக்கே நின்றது.

வாக்குக் கொடுத்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? நாம் பால்கணக்கைக் காலண்டரில் குறித்து வைப்பதில்லையா? அப்படியே கல்லூரிகளும் பல்கலைக் கழகங்களும் கணக்குக் காட்ட வேண்டும். யார் யாரிடம் சம்மதம் வாங்கினார்கள்? அவர்களுக்குப் புரிகிற பாஷையில் எழுதிக் கொடுத்தார்களா? வருஷா வருஷம் எவ்வளவு கொடுத்தார்கள்?

2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பலனில் நியாயமான பங்கு வேண்டும் என்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பரம்பரை அறிவையும் அவர்களுடைய உரிமை என்கிறது. ஆனால் கேட்பார் இருந்தால்தான் சட்டத்துக்கு உயிர்.

காலம் கடந்தாலும் கணக்குத் தீர்க்கலாம். இலங்கை வேடர்களின் 9 மண்டையோடுகளை வைத்திருந்த எடின்பரோ பல்கலைக் கழகம், 2019-ல் அவற்றை வேடர் தலைவரிடமே ஒப்படைத்தது.

நாளை உங்கள் மகளோ மகனோ ஆராய்ச்சிக்கென்று மலையேறித் திரும்பி வரலாம். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்று கேளுங்கள்: "அவர்களிடம் என்ன வாங்கி வந்தாய்? என்ன கொடுப்பதாகச் சொல்லி வந்தாய்?"