சைக்கிளில் ஆபீஸ் போறீங்களா? பேடட் ஷார்ட்ஸ், டைட்ஸ் வாங்கும் முன் இதைப் படிங்க!

புது சைக்கிள் வாங்கிய முதல் வாரம் எல்லோருக்கும் உற்சாகமாகத்தான் இருக்கும். ஆபீஸுக்குப் போக 10 கிலோமீட்டர், திரும்பி வர 10 கிலோமீட்டர். பெட்ரோல் செலவு மிச்சம். உடற்பயிற்சிக்கு என்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். இரண்டாவது வாரம் உட்காரும் இடத்தில் வலி ஆரம்பிக்கும். மூன்றாவது வாரம் தொடை இடுக்கில் எரிச்சல். மாதம் முடிவதற்குள் சைக்கிள், பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக மாறிவிடும். 'வயசாயிடுச்சு', 'நமக்கு இதெல்லாம் செட் ஆகாது' என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வோம்.

பல நேரங்களில் பிரச்னை உடம்பில் இல்லை, போட்டிருக்கும் உடையில் இருக்கிறது. ரேஸ் ஓட்டுபவர்களுக்கு மட்டும்தான் என்று நாம் நினைக்கும் பேடட் ஷார்ட்ஸ், தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கைகொடுக்கும். ஆனால், சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாகப் பராமரிக்கவும் வேண்டும்.

ஏன் வலிக்கிறது?

சைக்கிள் சீட்டில் உட்காரும்போது நம் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். ஒவ்வொரு பெடலுக்கும் அந்த இடத்தில் தோல் லேசாக உரசும். ஜீன்ஸ் போட்டிருந்தால் தடிமனான தையல்கள் எல்லாம் ஒன்றுசேரும் இடம், சரியாக நாம் உட்காரும் இடத்தில்தான் வரும். காட்டன் உள்ளாடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். அழுத்தம், உரசல், ஈரம் மூன்றும் சேர்ந்தால் புண் வரத்தான் செய்யும்.

முதலில் சீட்டைச் சரிபாருங்கள்

ஷார்ட்ஸுக்குப் பணம் செலவழிக்கும் முன், காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருந்தால் சீட் உயரம் ஏறக்குறைய சரி. பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டின் மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருக்கக் கூடாது.

மெத்தென்று இருக்கும் ஜெல் கவர் போட்டால் வலி போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். மிக மென்மையான சீட்டில் எலும்புகள் உள்ளே அமுங்கி, நடுவில் இருக்கும் மென்மையான தசைகளும் நரம்புகளும் அழுத்தப்படலாம். ஓட்டும்போது மரத்துப்போனால் அதுதான் எச்சரிக்கை மணி. அடிக்கடி எழுந்து நின்று மிதியுங்கள், சீட்டின் சாய்வை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பேட் எப்படி இருக்க வேண்டும்?

இந்த பேடை சைக்கிள்காரர்கள் 'ஷாமி' என்பார்கள். ஐரோப்பிய மலைகளில் வாழும் ஷாமி என்ற ஆட்டினத்தின் தோலில் இருந்து வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் அந்த மென்மையான தோலைத்தான் உள்ளே வைத்துத் தைத்தார்கள். இப்போது வருவதெல்லாம் செயற்கை ஃபோம்.

தடிமனான பேட்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். விரலால் அழுத்திப் பாருங்கள். ஸ்பாஞ்ச் மாதிரி அடிவரை அமுங்கினால், சில வாரங்களில் தட்டையாகிவிடும். சற்று அழுத்தமாக இருந்து, விரலை எடுத்ததும் மேலே வந்தால் நல்ல பேட். ஒரு மணி நேரத்துக்குள் ஆபீஸ் போய்ச் சேருபவர்களுக்கு மெல்லிய அல்லது நடுத்தர பேடே போதும். அதுதான் சீக்கிரம் காயும். நடுவில் தையல் ஓடாத, ஒரே துண்டாக இருக்கும் பேடாகப் பார்த்து வாங்குங்கள்.

உள்ளே எதுவும் போடக் கூடாது!

புதிதாக வாங்குபவர்கள் செய்யும் முக்கியமான தவறு, உள்ளாடைக்கு மேல் இதைப் போடுவது. பேடட் ஷார்ட்ஸ் நேராகத் தோலில் படும்படி வடிவமைக்கப்பட்டது. நடுவில் உள்ளாடை வந்தால் அதன் தையலும் ஈரமும் திரும்ப வந்துவிடும். பிறகு ஷார்ட்ஸ் வாங்கியும் பலன் இல்லை.

எந்த வகை யாருக்கு?

* இடுப்பு எலாஸ்டிக் ஷார்ட்ஸ்: போடவும் கழற்றவும் சுலபம். தினசரிப் பயணத்துக்குப் போதுமானது.
* பிப் ஷார்ட்ஸ்: தோளில் பட்டை மாட்டும் வகை. இடுப்பை இறுக்காது, பேட் நகராது. நீண்ட தூரத்துக்கு நல்லது. ஆனால் பாத்ரூம் போவதற்குச் சட்டையையும் கழற்ற வேண்டியிருக்கும்.
* லைனர்: பேட் வைத்த மெல்லிய உள் ஷார்ட்ஸ். இதன்மேல் பேன்ட்டோ, ட்ராக்கோ, சல்வாரோ போட்டுக்கொள்ளலாம். உடம்பை ஒட்டிய உடையில் தெருவில் போகக் கூச்சப்படுபவர்களுக்கு ஏற்றது.
* டைட்ஸ்: கணுக்கால் வரை வரும். பேட் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. பேட் இல்லாததை வாங்கினால் உள்ளே லைனர் போட்டுக்கொள்ளலாம். பேன்ட் நுனி செயினில் சிக்கும் தொல்லையும் இல்லை.

சைஸ் எப்படிப் பார்ப்பது?

டீ-ஷர்ட் சைஸை வைத்து ஆர்டர் போடாதீர்கள். இடுப்பு, பிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து அந்த கம்பெனியின் சைஸ் சார்ட்டோடு ஒப்பிடுங்கள். தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் தொடையில் ரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு இறுக்கக் கூடாது. போட்டுப் பார்க்கும்போது ஹேண்டில்பாரைப் பிடிப்பது போலக் குனிந்து பாருங்கள். நிற்கும்போது குழந்தையின் டயப்பர் மாதிரி இருந்தால் கவலை வேண்டாம். உட்கார்ந்தால் சரியாகிவிடும். குனியும்போது பின்பக்கத் துணி உள்தெரியும் அளவுக்கு மெலிந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கு...

பொதுவாகப் பெண்களுக்கு உட்காரும் எலும்புகளுக்கு இடையே இடைவெளி அதிகம். அதனால் பெண்களுக்கான பேட் பின்பக்கம் அகலமாக இருக்கும். வீட்டில் இருக்கிறதே என்று கணவருடையதையோ அண்ணனுடையதையோ போட்டு ஓட்டினால் வசதியாக இருக்காது. மாதவிடாய் நாள்களில் சாதாரண நாப்கின் நகர்ந்து உரசலாம். மென்ஸ்ட்ருவல் கப் பழக்கப்பட்டவர்களுக்கு அது வசதி.

வெயில், மழை, குளிர்

சென்னை மாதிரி ஊரில் கத்திரி வெயில் காலத்தில் கறுப்பு டைட்ஸா என்று தோன்றும். ஆனால் மெல்லிய டைட்ஸ், கால் கறுப்பதையும் தோல் எரிவதையும் தடுக்கும். யு.பி.எஃப் 50 என்று போட்டிருந்தால், புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று அர்த்தம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் கனக்கும். நைலான், ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி சீக்கிரம் காயும். நவம்பரில் மாலை 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால், கணுக்கால் பக்கம் ஒளி பட்டால் மின்னும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் அசையும் அந்தப் பட்டை, பின்னால் வரும் வண்டிக்காரர் கண்ணில் உடனே படும். காலில் காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று. டைட்ஸ் போட்டிருப்பது அதற்குப் பாதுகாப்பு ஆகாது.

உட்புறம் பஞ்சு போன்ற துணி வைத்த தெர்மல் டைட்ஸ் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விடியற்காலையில் ஓட்டுபவர்களுக்குத்தான். சென்னையிலோ மதுரையிலோ அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

ஆபீஸ் போனதும் மாற்றிவிடுங்கள்

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வியர்த்த ஷார்ட்ஸோடு மாலை வரை ஏ.சி-யில் உட்கார்ந்தால் கட்டி, படர்தாமரை எல்லாம் தேடி வரும். பையில் ஒரு சின்ன டவலும் மாற்று உடையும் இருக்கட்டும். இறங்கிய சில நிமிடங்களில் துடைத்துவிட்டு மாற்றிவிடுங்கள்.

அரிப்பு வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு க்ரீம் வாங்கித் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் முதலில் அரிப்பை அடக்கும், பிறகு பூஞ்சைத் தொற்றை இன்னும் பிடிவாதமாக்கும். தோல் டாக்டரிடம் போவதே நல்லது. புண் ஆறும்வரை பஸ்ஸில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

துவைக்கும்போது...

ஒருமுறை போட்டதைத் துவைக்காமல் மறுமுறை போடக் கூடாது. உள்பக்கத்தைத் திருப்பி, சாதாரணத் தண்ணீரில் மென்மையான சோப்புத்தூள் போட்டு அலசுங்கள். பிரஷ், பிளீச், ஃபேப்ரிக் சாஃப்ட்னர், அயர்ன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த டவலில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் வெளியேறும். நிழலில், காற்றோட்டமாகப் போடுங்கள்.

மழைக்காலத்தில் பேட் ஒரே இரவில் காயாமல் போகலாம். தினமும் ஓட்டுபவர்களுக்கு மூன்று செட் இருந்தால் கவலையில்லை. அதற்காக முதல் நாளே மூன்றும் வாங்கிவிட வேண்டாம். ஒன்று வாங்கி, விடுமுறை நாளில் ஆபீஸ் வரை ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் அதே மாடலில் மற்றதை வாங்கலாம். வீட்டிலிருந்து 2, 3 கிலோமீட்டரில் வேலை என்றால் இது எதுவுமே தேவைப்படாமலும் போகலாம். தையல் உறுத்தாத ஒரு பேன்ட்டும் சரியான சீட் உயரமுமே போதும்.

துணி காயும் சைக்கிள் உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் சீட் உயரத்தைச் சரிபாருங்கள். ஷார்ட்ஸ் அதற்குப் பிறகு!