கோதுமை இல்லாத நாற்பது நாள்

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை, ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டால் நாற்பது நாள். கிறிஸ்தவர்களுக்கு அது தவக்காலம். பெரும்பாலும் கறியை விடுவார்கள். சிலர் காபியை, சிலர் சினிமாவை. நான் மூன்று வருஷமாகக் கோதுமையை விடுகிறேன்.

கோதுமையால் என் உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தினையும் சாமையும் நிலக்கடலையும் விளைகிற எங்கள் வீட்டு மளிகைச் சிட்டையை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். ரவை, சேமியா, மைதா, பிரெட், பிஸ்கட், ரஸ்க் என்று வரிசையாக இருந்தது. வங்கியில் காலமெல்லாம் ஊரார் கணக்கைப் பார்த்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? தினை விற்ற காசில் மைதா வாங்கிக்கிட்டு இருக்கோம்! சிறுதானியத்துக்குச் சந்தை இல்லையென்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். டீ இடைவேளையில் தட்டில் வருவது மைதா பிஸ்கட்.

கோதுமையை விட்ட பிறகுதான் அது ஒளிந்திருக்கிற இடமெல்லாம் தெரியவரும். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ உண்டு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சத்துபானப் பொடிகளில் பார்லி மால்ட், சோயா சாஸில் கோதுமை. 'தினை பிஸ்கட்' என்று பெரிதாக எழுதிய பாக்கெட்டிலும் பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதலில் மைதா என்று இருந்தால் மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

பூசையில் மட்டும் எனக்கு விலக்கில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி நற்கருணை அப்பம் கோதுமையால்தான் செய்யப்பட வேண்டும். குளூட்டன் குறைந்த அப்பம் செல்லும், அறவே இல்லாதது செல்லாது என்று 2017-ல் வத்திக்கான் மறுபடியும் தெளிவுபடுத்தியது.

இந்தக் குளூட்டன் என்பது என்ன? கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு வகை. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இரண்டும் சேர்ந்து வலை மாதிரி பின்னிக்கொள்ளும். பரோட்டா மாஸ்டர் மாவைத் துணிபோல வீசுவது அந்த வலையை நம்பித்தான். கேக்கிலும் ரொட்டியிலும் கிளம்புகிற காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைப்பதும் அதுதான். ஒரு மைதா உருண்டையைத் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து கழுவுங்கள். மாவுச்சத்து பாலாகக் கரைந்து போய், ரப்பர் மாதிரி ஒன்று கையில் நிற்கும். தினை மாவை அப்படிக் கழுவினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சீலியாக் என்ற நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடும். அவர்கள் ஆயுள் முழுக்க அதைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கு அது விஷமல்ல. 'கோதுமை சாப்பிட்டாலே நோய்' என்று பயமுறுத்திச் சிறுதானியம் விற்பதில் எனக்குச் சம்மதமில்லை.

வலை இல்லாத மாவை எப்படிப் பிடித்து நிறுத்துவது? நம் அடுப்படிக்கு இது புதுக் கேள்வி அல்ல. இடியாப்ப மாவில் கொதிநீர் ஊற்றுகிறோமே, மாவுச்சத்து வெந்து பசையாகிப் பிடிப்புக் கொடுக்கிறது. இட்லியில் உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடிக்கிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவு வீட்டில் பிட்கிற பெசகா அப்பமும் பச்சரிசி மாவும் உளுந்தும்தான். புளிக்க விடாமல் ஆவியில் வேகவைப்பது. மூன்றாவது வழி முட்டை.

மாவே இல்லாமல் சுடுவதற்குத் தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரை நிற்கும்வரை சர்க்கரையோடு அடித்து, முந்திரித் தூளைச் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நிதானமாகக் காயவைப்பது. மைதாவுக்கு அதில் வேலையே இல்லை. இதையே கொஞ்சம் மாற்றி எங்கள் வீட்டில் நிலக்கடலை கேக் செய்கிறோம். தவக்காலத்துல கேக்கா என்று கேட்பீர்கள். வாரநாளில் கூழும் களியும்தான், ஞாயிறு நோன்புக் கணக்கில் வராது!

கடலை 200 கிராம். இளவறுப்பாக வறுத்து, தோல் நீக்கி, நன்றாக ஆறவிடுங்கள். 150 கிராம் நாட்டுச் சர்க்கரையில் பாதியைக் கடலையோடு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். நான்கு முட்டை, மஞ்சள் கருவை மீதிச் சர்க்கரையோடு அடித்து, கடலைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, தனியாக நுரைக்க அடித்த வெள்ளைக்கருவை மூன்று தவணையாக மெதுவாகக் கலக்கவும். 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்துச் சுடலாம். வெந்து இறக்கியதும் நடுவில் சற்றே அமுங்கும். அது அப்படித்தான்.

தினை மாவில் செய்வதானால் 150 கிராம் மாவை 100 மில்லி மோரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். ஊறாத மாவு வாயில் மணலாக நெறுநெறுக்கும். நான்கு முட்டையை 150 கிராம் சர்க்கரையோடு நன்றாகப் பொங்க அடித்து, 80 மில்லி கடலெண்ணெய், ஊறிய மாவு, 50 கிராம் மரவள்ளிக் கிழங்கு மாவு, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்து அதே சூட்டில் சுடலாம். முழுக்க ஆறின பிறகே கத்தி வையுங்கள், சூட்டில் வெட்டினால் உதிர்ந்துபோகும். முட்டை வேண்டாதவர்கள் சாமை மூன்று பங்கு, உளுந்து ஒரு பங்கு இட்லிக்கு மாதிரி அரைத்துப் புளிக்கவைத்து, ரொட்டி டின்னில் ஊற்றிச் சுட்டுப் பார்க்கலாம். உப்பு ரொட்டி, சட்னிக்கு நன்றாக இருக்கும்.

மாவு பழசாக இருந்தால் இதெல்லாம் வீண். கம்பு மாவு சில நாளிலேயே காறல் அடிக்கும். அதில் உள்ள கொழுப்பைச் சிதைக்கிற நொதிதான் காரணம். தானியத்தை லேசாக வறுத்து அரைத்தால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். தானியமாகவே வைத்திருந்து வேண்டும்போது அரைப்பதுதான் உத்தமம். தானியம் நம் கையில் இருப்பதால் நமக்கு அது கஷ்டமில்லை.

இப்படிச் செய்ததை விற்க நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்றால், உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மைதாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஒரு கிலோ தினை மாவில் ஒரே ஒரு கிராம் மைதா விழுந்தால் அதிலேயே 100 மில்லிகிராம், அதாவது வரம்பைப் போல ஐந்து மடங்கு. கோதுமை அரைத்த கையோடு அதே மில்லில் நம் தினையைப் போட்டால், மிளகாய்க்குப் பிறகு அரைத்த அரிசி மாதிரிதான். கோதுமை வந்த சாக்கில் தானியம் கட்டுவதும் அப்படியே. நம் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. சீலியாக் உள்ள குழந்தையின் குடலுக்குத் தெரியும்.

உழவர் குழுவாகச் சேர்ந்து கோதுமை படாத ஓர் அரவை எந்திரம் வைத்து, மாவைப் பரிசோதனைக்கூடத்தில் சோதித்த பிறகு அந்த வாசகத்தைப் போடலாம். அதுவரை லேபிளில் 'மைதா சேர்க்கவில்லை. கோதுமையும் அரைக்கப்படும் மில்லில் அரைத்தது' என்று போடுங்கள். நான் அப்படித்தான் போடுகிறேன்.