பெருந்தமனிப் பிளவும் பழைய இதய அறுவையும்

மார்பு வலி எதுவாயினும் அதனை மாரடைப்பு என்றே வழங்குவது நம் பேச்சு வழக்கு. இரு வேறு நோய்களை ஒரே சொல்லால் சுட்டுவதால் விளையும் தீங்கு சிறிதன்று. மாரடைப்பில் இதயத்திற்குக் குருதி ஊட்டும் சிறுகுழாய் அடைபடுகிறது. உறைவைக் கரைக்கும் மருந்து அதற்கு உதவும். பெருந்தமனிப் பிளவிலோ, இதயத்தினின்று புறப்படும் பெருங்குழாயின் உட்சுவர் கிழிய, குருதி சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிரித்துச் செல்கிறது. இங்கு அதே மருந்து உயிருக்கு உலை வைக்கும். 1760இல் இறந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் உடலை ஆய்ந்தபோது இப்பிளவு காணப்பட்டது. இதற்கான அறுவையை வகுத்த மைக்கேல் டிபேக்கியே 2005இல், தம் 97ஆம் அகவையில், இந்நோய்க்கு ஆளாகி, அவ்வறுவையாலேயே பிழைத்தார்.

இதயத்தை ஒட்டிய ஏறுதமனியில் பிளவு நேரின் அறுவை ஒன்றே வழி. மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகத் தரும் கணக்குப்படி, முதல் இரு நாள்களில் தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் இறப்பர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இக்கணக்கு இன்னும் கடுமையானது. தானா ராத்தாவில் மருத்துவமனை உண்டு. இதய அறுவைக்கோ மலையிறங்க வேண்டும். 1992இல் தோன்றிய தேசிய இருதயக் கழகம் அமைந்த கோலாலம்பூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. தாப்பா வரை பாதை வளைந்து வளைந்தே இறங்கும்.

நோயாளி முன்பே பைபாஸோ வால்வு அறுவையோ செய்துகொண்டவராயின் சிக்கல் பெருகும். அன்று தையலிட்ட இடத்திலிருந்தே பிளவு தொடங்குவதும் உண்டு. பழைய காயம் ஆறும்போது உருவான வடுத்திசு, இதயத்தையும் தமனியையும் மார்பெலும்பின் பின்புறத்தோடு ஒட்டவைத்திருக்கும். எலும்பை மீண்டும் அறுக்கும் வாள் வீங்கிய தமனியிலோ பைபாஸ் குழாயிலோ பட்டுவிட்டால் குருதி பீறிடும். ஆனால் அவ்வடுவே சிலரிடத்தில் கசிவைத் தடுத்து, மருத்துவமனை சேரும் வரை அவரைக் காப்பதும் உண்டு!

ஆதலின் மருத்துவர் முதலில் சிடி ஸ்கேன் படத்தில் எலும்புக்கும் தமனிக்கும் உள்ள இடைவெளியை அளப்பர். இடைவெளி குறுகியதாயின், மார்பைத் திறக்குமுன்பே தொடையிலோ அக்குளிலோ உள்ள தமனி வழியாக இதய நுரையீரல் இயந்திரத்தை இணைப்பர். உடலைக் குளிர்வித்துக் குருதியோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, கிழிந்த பகுதியை நீக்கி, டாக்ரான் துணிக்குழாய் பொருத்துவர். பழைய பைபாஸ் குழாய்களை அப்புதிய குழாயில் மீண்டும் தைப்பதே பொறுமையைச் சோதிக்கும் பணி. எந்தக் குழாய் எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதை அறிய, முன்னைய அறுவைக் குறிப்பு அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். அத்தாள் பல இல்லங்களில் பெட்டியின் அடியில் கிடக்கிறது. ஆம்புலன்ஸில் ஏறும்போது அதனையும் உடன் கொண்டு செல்லுமாறு மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியர்க்கு இன்றே கூறலாம்.